இருபது நிமிட பேண்டு

சென்னை
தை 5

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின வாரமே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்கு இந்த முறை சோம்பல் காரணமில்லை. கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் கேட்டிருந்தாயே, "நம்ம காலேஜ் பேண்டோட அந்த டெமோ சிடி யார்கிட்டயாவது இருக்கா?" என்று, அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

கிடைத்துவிட்டது. போகிக்கு முதல் நாள் அம்மா பரணைக் காலி செய்யச் சொன்னார். பழைய ரெக்கார்டு நோட்டுகள், கிழிந்த பாய், என் பேஸ் கிடாரின் கழுத்து மட்டும் (உடம்பு எங்கே போனதோ), இவற்றோடு அந்த சிடியும். "ஃபைனல் மிக்ஸ் 3, கடைசி" என்று மார்க்கரில் உன் கையெழுத்து. எரிக்க எடுத்து வைத்த குவியலில் கிடந்தது. இன்னும் ஒரு ராத்திரி விட்டிருந்தால் டயர் புகையோடு போயிருக்கும்.

பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. ரிச்சி தெருவில் ஒருவர் இரண்டு நாள் வைத்திருந்து, நாலு பாட்டில் ஒன்றை முழுசாகவும் இன்னொன்றில் 40 நொடியையும் மீட்டுக் கொடுத்தார். 300 ரூபாய் வாங்கிக்கொண்டு, "இது யாரு சார், இங்கிலீஷ்காரங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கேட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நாம் அவ்வளவு நன்றாக வாசிக்கவில்லை. டிரம்ஸ் போகப்போக வேகம் எடுக்கிறது. பஸ்ஸைத் துரத்துகிறவன் மாதிரி நான் அதன் பின்னால் ஓடுகிறேன். நம் பாடகன் எந்த ஊர் ஆங்கிலத்தில் பாடுகிறான் என்றே பிடிபடவில்லை. பம்மலில் பிறந்தவனுக்கு சியாட்டில் ராக் பாடகர்களின் சளி பிடித்திருக்கிறது. உன் சோலோ மட்டும், சத்தியமாக, இன்றைக்கும் நன்றாக இருக்கிறது.

கோடம்பாக்கத்தில் விளம்பர ஜிங்கிள் பதிவு செய்யும் அந்த ஸ்டூடியோ நினைவிருக்கிறதா? இரவு பத்துக்கு மேல் பாதி வாடகை. மூன்றாவது டேக்கிலேயே அந்த இன்ஜினியர் அண்ணன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "தம்பி, நாலு பேரும் ஒரே நேரத்துல கத்துறீங்க. யாராவது ஒருத்தர் கொஞ்சம் கேளுங்களேன்" என்றார். அப்போது நமக்கு அவருக்கு ராக் புரியவில்லை என்று பட்டது. இப்போது கேட்டால் அந்த ஆறு மணி நேரத்தில் அங்கே இருந்த ஒரே இசைக்கலைஞர் அவர்தான்.

சரி, சொல்ல வந்தது வேறு. பேண்டு ஏன் நின்றுபோனது என்று யாராவது கேட்டால், "பிளேஸ்மெண்ட் வந்துச்சு, எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் போயிட்டோம்" என்றுதான் இத்தனை வருடமும் சொல்லி வந்தேன். நீயும் அப்படித்தான் எழுதியிருக்கிறாய். ஆஃபர் லெட்டர் மேல் பழியைப் போடுவது வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பாட்டைப் பத்துத் தடவை கேட்ட பிறகு எனக்கு வேறொன்று தோன்றுகிறது. நாம் 20 நிமிட பேண்டு.

யோசித்துப் பார். நம் காலண்டரே கல்லூரிப் போட்டிகளுடையது. ஜனவரியில் சென்னை ஐஐடியின் கலை விழாவான சாரங்கில் தொடங்கும் (சீனியர்கள் அதைப் பழைய பெயரில் மார்டி கிரா என்றே சொல்வார்கள்), மார்ச்சில் தேர்வு நெருங்கும்போது முடியும். அங்கே நடக்கும் ராக் போட்டியான டெசிபல்ஸில் நாம் முதல் சுற்றைத் தாண்டியதே இல்லை. தோற்ற பிறகு அந்தத் திறந்தவெளி அரங்கப் படிக்கட்டில் உட்கார்ந்து ஜெயித்தவர்களைத் திட்டியதும், திரும்பி நடக்கும்போது ரோட்டில் மான் நின்று நம்மைப் பார்த்ததும்தான் மிச்சம். நாம் போன போட்டிகளில் விதி ஏறக்குறைய ஒன்றுதான்: பிளக் சொருக, சுருதி சேர்க்க, வாசிக்க, இறங்க, எல்லாம் சேர்த்து 20 நிமிடம். அதற்கு அளவெடுத்துத் தைத்துக்கொண்டோம். மூன்று கவர் (அடுத்தவர் பாட்டு), ஒரு ஓசி.

ஓசி என்றால் சொந்தப் பாட்டு, ஓன் காம்பொசிஷன் என்று உன் அப்பாவுக்கு நீ விளக்கியது ஞாபகம் வருகிறது. "பேர்லயே சொல்லிட்டான், காசு வராதுன்னு" என்றார். அவ்வளவு சுருக்கமான விமர்சனம் நமக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

ஆனால் அந்த 20 நிமிடத்தில் நாம் ஒருமுறை உண்மையிலேயே பறந்தோம். 2005, ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி, மைதானம் முழுக்கப் பையன்கள். இரண்டாவது பாட்டின் நடுவில் கரண்ட் போனது. நீயும் நானும் கட்டைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், கம்பியைத் தட்டினால் கொசு ரீங்காரம்தான் கேட்கிறது. டிரம்ஸ்காரன் மட்டும் நிறுத்தவில்லை. இருட்டில் அவன் அடித்துக்கொண்டே இருக்க, முன் வரிசை கைதட்ட ஆரம்பித்து அது பின்னால் வரைக்கும் போனது. பாடகன் மைக் இல்லாமல் தொண்டை கிழியக் கத்தினான். முதல் மூன்று வரிசைக்கு மேல் கேட்டிருக்காது. ஆறு நிமிடம் கழித்து ஜெனரேட்டர் வந்தபோது எந்த இடத்தில் இருக்கிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை, நீ நேராக சோலோவுக்குள் குதித்தாய். அந்த ஆறு நிமிடத்தையும் நடுவர்கள் நம் கணக்கில்தான் கழித்தார்கள். இரண்டாம் பரிசு, 5,000 ரூபாய், ஐந்து ஹாட் பேக். நாலு பேருக்கு ஐந்து ஹாட் பேக். நம் பேண்டின் முதல் சண்டை அந்த ஐந்தாவது டப்பாவுக்காகத்தான். (அது உன் வீட்டில்தான் இருந்தது. உன் அம்மா அதில் இட்லி போட்டுக் கொடுத்தபோது பார்த்தேன், சொல்லவில்லை.)

அப்புறம் 2007 மார்ச் 17, பெங்களூரு பேலஸ் மைதானம், இங்கிலாந்து மெட்டல் பேண்டு அயர்ன் மெய்டன். அன்று அவர்களுக்கு முன்னால் வாசித்தது டெல்லி ராக் பேண்டு பரிக்ரமா. ரயிலில் திரும்பும்போது, "அவங்களும் காலேஜ் பசங்களா ஆரம்பிச்சவங்கதான், ஆல்பம் போடல, நம்மள மாதிரியே" என்று நீ சொன்னாய். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அவர்கள் 1991-லிருந்து ஊர் ஊராக வாசித்தவர்கள். ஆல்பமே போடாமல் பாட்டுகளை இணையத்தில் இலவசமாக வைத்தவர்கள், ஓசியை ஓசியாகவே கொடுத்தவர்கள். நம்மை யாரும் ஒப்பந்தம் செய்யவில்லை என்று சொல்லிக்கொள்வதே பெருமையடிப்பது. யாரிடமாவது போய்க் கேட்டிருந்தால்தானே மறுப்பதற்கு? பரிக்ரமாவின் கிடார்காரர் சோனம் ஷெர்பா 2020 பிப்ரவரியில் போய்விட்டார், நீ கேள்விப்பட்டிருப்பாய்.

கல்லூரி முடிந்த அந்த ஜூலையில் ஒரு நட்சத்திர ஹோட்டல் பாரில் சனிக்கிழமை கிடைத்ததே, அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை. 45 நிமிடமாக இரண்டு செட் கேட்டார்கள். நம்மிடம் இருந்தது எல்லாம் சேர்த்து 35. இரண்டாவது செட்டில் அதே பாட்டுகளை மெதுவாக வாசித்தோம். யாரோ ஒருவர் ராஜா பாட்டு கேட்க, உன் அம்மாவுக்காக நீ வீட்டில் பழகி வைத்திருந்த ஒன்றை எடுத்தாய். அன்று முழுக்க விழுந்த ஒரே கைதட்டல் அதற்குத்தான். வெளியே வந்து நாலு பேரும் வெட்கப்பட்டோம். எதற்கு வெட்கப்பட்டோம் என்று யோசித்தால் இன்றைக்கு எரிச்சலாக வருகிறது.

பெங்களூரில் தெருவுக்குத் தெரு பப் இருந்தது, வாரா வாரம் வாசித்து நீளம் பழகலாம். சென்னையில் அப்போது பேண்டு வாசிக்கிற பார் என்றால் பெரும்பாலும் ஹோட்டலுக்குள்தான். பேண்டுகளுக்கு மேடை கொடுத்த அடையாறு அன்வைண்ட் சென்டர் மாதிரி ஓரிரு இடங்களை விட்டால், கல்லூரி ஐடி கார்டு காலாவதியான பேண்டுக்கு இங்கே மேடை ஏது? ஊரைக் குறை சொல்லவில்லை. 21-வது நிமிடத்துக்கு நம்மிடமும் பெரிதாக எதுவும் இல்லை.

மற்றபடி எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏறுவதில்லை. பாடகன் அப்பாவின் டைல்ஸ் கடையைப் பார்க்கிறான், தொப்பை போட்டுவிட்டது. டிரம்ஸ்காரன் கோயம்புத்தூரில் ஞாயிறுதோறும் சர்ச்சில் வாசிக்கிறான். அவனுக்கும் பாட்டை அனுப்பினேன். ஒரே வரி பதில்: "ஸ்பீடா போயிருக்கேன், சாரிடா." பதினெட்டு வருடம் கழித்து ஒத்துக்கொண்டான்!

உன் மகள் யுகுலேலே பழகுகிறாள் என்று எழுதியிருந்தாய். டொரண்டோ குளிரில் விரல் நகருமா? என் பையனும் உன் சோலோவைக் கேட்டுவிட்டு வாசிக்க வேண்டும் என்கிறான். முதல் இரண்டு கார்டைக் கண்டுபிடித்துவிட்டான், மூன்றாவது வரவில்லை. என்னைக் கேட்டால்? நான் நாலு கம்பிக்காரன், எனக்கு அடிச்சுரம் மட்டும்தான் தெரியும், அது ஜி. நீ அதற்கு மேலே என்ன பிடித்தாய் என்று எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் பேஸ்காரன்