ஈரப் பேப்பரை எடை போடாத அண்ணாச்சிக்கு

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

வெள்ளத்தில் நனைந்த எங்கள் அலுவலகக் காகிதங்களில் கடைசிக் கட்டும் நேற்று மாலை காய்ந்துவிட்டது. அதற்கு முன் எழுதியிருந்தால் இது நன்றி மடலாக இருந்திருக்காது, ஒப்பாரியாக இருந்திருக்கும்.

நடந்ததைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. சென்னை வேளச்சேரியில் தரைத்தளத்தில் அலுவலகம் வைத்திருப்பவர்களுக்கு டிசம்பர் என்றால் என்னவென்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். 2015 வெள்ளத்தில் இரண்டு அடி மிச்சம் வைத்துத் தப்பினோம். இந்த முறை தண்ணீர் அந்த மரியாதையைக் காட்டவில்லை.

மாநில அரசின் சுகாதாரக் கொள்கை எப்படி உருவாகிறது, எழுதப்பட்டது ஊர்வரை எப்படிப் போய்ச் சேருகிறது என்று ஆராய்வதுதான் எங்கள் வேலை. ஆறு பேர், லாப நோக்கம் இல்லாத ஒரு சின்ன மையம். எங்கள் சொத்து என்பது காகிதம்தான். மானியக் கோரிக்கைகளின்போது, அதாவது துறைவாரி நிதி ஒதுக்கீட்டு விவாதத்தின்போது, சட்டமன்றத்தில் வைக்கப்படும் துறைக் கொள்கை விளக்கக் குறிப்புகள், அரசாணை நகல்கள், 1939-இன் சென்னை பொதுச் சுகாதாரச் சட்டத்தின் அட்டை கிழிந்த பிரதி ஒன்று. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்ய 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது அல்லவா, அதன் மருந்துக் கிடங்குகளிலும் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் உட்கார்ந்து நாங்கள் எடுத்த குறிப்புகள். எல்லாவற்றுக்கும் மேலாக, கிராம சுகாதார செவிலியர்களோடும் தாய்மார்களோடும் நடத்திய நேர்காணல் தாள்கள், பதினொரு கட்டுகள்.

“எல்லாம் இணையத்தில் கிடைக்குமே” என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். அண்மைக் காலத்துக் கொள்கைக் குறிப்புகள் கிடைக்கும். ஓர் ஊரில் ஒரு செவிலியர் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார் என்று ஓரத்தில் நான் குறித்து வைத்திருந்தது எந்த இணையத்தில் கிடைக்கும்?

இப்போது வெட்கமான விஷயம். தண்ணீர் வடிந்த அன்று காலை, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தது நான்தான். கூழாகிப்போனதை வைத்துக்கொண்டு அழுவதைவிட இடத்தைச் சுத்தம் செய்வோம் என்று, தெருமுனைப் பழைய பேப்பர் கடை அண்ணாச்சியை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். தாள்களில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். ஆனாலும் எங்களை நம்பிப் பேசியவர்களின் சொற்களை எடைக்குப் போடத் துணிந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அண்ணாச்சி வந்தார். வாசலிலேயே நின்று ஒரு கட்டின் மேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். “ஈரப் பேப்பரை நான் எடை போடுவதில்லை, அம்மா” என்றார். அந்தத் தொழிலில் அது அடிப்படை விதியாம். எடை கூட்டுவதற்காகத் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருகிறவர்களை முப்பது ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறார். சும்மாவே எடுத்துப் போங்கள் என்று கெஞ்சினேன். “சும்மா கொடுத்தாலும் ஈரம் ஈரம்தான். காய வைத்துக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எப்படிக் காய வைப்பது என்று கத்தினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

அடுத்த நான்கு நாட்கள் மதியம் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார். ஊறிய கட்டைக் கையால் தூக்காதே, அடியில் பலகையைச் செருகித் தூக்கு. ஒட்டிய தாளை இப்போதே பிரிக்காதே, பாதி காய்ந்ததும் அதுவே விடும். வெயிலில் போடாதே, அப்பளமாகிவிடும். நிழலும் காற்றும் போதும். பத்துத் தாளுக்கு ஒரு செய்தித்தாள் வை, அது நனைந்ததும் மாற்று. மாற்றுவதற்கான செய்தித்தாள் மூட்டையும் அவர் கடையிலிருந்துதான் வந்தது. மின்சாரம் இல்லாத நாட்களில் அவரே அட்டையால் விசிறினார். மருத்துவமனைகளில் மணிக்கணக்கில் உட்கார்ந்து பழகிய எனக்கு, காகிதத்துக்கு இவ்வளவு கவனமான ஒரு வைத்தியம் இருப்பது தெரியாது.

செவிலியர்கள் பால் பாயின்ட் பேனாவில் எழுதிக் கொடுத்தவை எல்லாம் பிழைத்துவிட்டன. ஜெல் பேனாவில் அழகாக எழுதுகிறேன் பேர்வழி என்று நான் எழுதியவை நீலக் குளமாகிவிட்டன.

மூன்றாம் நாள் ஒரு தாளைப் பிரிக்கும்போது அவர் கை நின்றது. “மூன்றாவது தவணை என்று எழுதியிருக்கிறதே, பிள்ளைப்பேற்றுப் பணமா?” டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் பற்றிய நேர்காணல்தான் அது. ஏழைக் கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் உதவி அது. 1987-இல் 300 ரூபாயாகத் தொடங்கியது, 2006-இல் 6,000, 2011-இல் 12,000, பிறகு 18,000 என்று வளர்ந்த திட்டம். 12,000 ஆனபோது கர்ப்ப காலத்தில் ஒரு தவணை, பிரசவத்துக்குப் பின் ஒன்று, குழந்தைக்கு மூன்றாம் தடுப்பூசி போட்ட பின் ஒன்று என்று பிரித்துக் கொடுத்தார்கள். அண்ணாச்சியின் மகளுக்கு முதல் இரண்டும் வந்ததாம். மூன்றாவது, வங்கிக் கணக்கில் இருந்த தலைப்பெழுத்தும் விண்ணப்பத்தில் இருந்த தலைப்பெழுத்தும் வேறாக இருந்ததால் நின்றுபோனதாம்.

“இதையெல்லாம் எழுதி என்ன செய்தீர்கள்?” என்று கேட்டார். ஆங்கிலத்தில் நாற்பது பக்க அறிக்கை தயாரித்தோம், உரிய இடத்தில் கொடுத்தோம் என்றேன்.

“அப்புறம் இந்தத் தாளில் இருக்கிற அம்மாவுக்கு மூன்றாவது தவணை வந்ததா?”

எனக்குத் தெரியவில்லை. எங்களில் யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் திரும்பிப் போய்க் கேட்கவே இல்லை. அவர் குற்றம் சொல்லிக் கேட்கவில்லை, தாளின் மேல் பழைய செய்தித்தாளை வைத்துக்கொண்டே கேட்டார். எத்தனையோ கருத்தரங்குகளில் எங்கள் ஆய்வுமுறையைக் குடைந்திருக்கிறார்கள். இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

மற்றவர்களையும் மறக்கவில்லை. மாடியில் இடம் கொடுத்துவிட்டு வாடகைப் பேச்சையே எடுக்காத வீட்டுக்காரருக்கும், கொடியும் கிளிப்பும் அள்ளிக் கொடுத்த தையல்கடை அக்காவுக்கும், நான்கு நாள் சாம்பார் சாதம் அனுப்பிய மெஸ்ஸுக்கும், சேற்றை வாரிக் கொட்டிய சமூகப் பணித் துறை மாணவர்களுக்கும், தன்னிடமிருந்த 1990-களின் கொள்கைக் குறிப்புகளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய ஓய்வுபெற்ற சுகாதார அதிகாரிக்கும், இருநூறும் ஐந்நூறுமாக அனுப்பிவிட்டு ரசீது கேட்காத உங்களுக்கும் நன்றி. ரசீது வரும், எங்கள் கணக்கர் விடமாட்டார்.

பொங்கலுக்குப் பிறகு அந்தப் பதினொரு கட்டிலும் உள்ள ஊர்களுக்குத் திரும்பிப் போகிறோம், அண்ணாச்சியின் கேள்வியோடு. கிடைக்கும் பதிலை முதலில் தமிழில் எழுதுவோம். அலுவலகத்தில் ஜெல் பேனாவுக்குத் தடை. தாள்களை ஸ்கேன் செய்து ஒரு பிரதியை ஊருக்கு வெளியே, மேடான இடத்தில் வைப்போம்.

அண்ணாச்சி தன் பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போட்டால் சென்னையே நனைந்த பேப்பரோடு கடை வாசலில் நிற்குமாம்.

அவர் கொடுத்திருந்த செய்தித்தாள்களை நேற்று மூட்டையாகக் கட்டி, ஒரு டஜன் பழமும் வேட்டி துண்டுமாகக் கொண்டுபோய் வைத்தோம். பழத்தை வாங்கிக்கொண்டார். வேட்டியைத் தயக்கத்தோடு வாங்கிக்கொண்டார். மூட்டையைத் தராசில் ஏற்றியவர், முள் நிற்பதற்குள் விரலால் ஓர் அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டு இறக்கிவைத்தார்.

“ஈரம் இருக்கிறது, அம்மா. காய வைத்துக் கொண்டுவாருங்கள்.”

மூட்டை இப்போது எங்கள் மாடியில் இருக்கிறது.