விரலை எடுக்கப் பணம் உண்டு, செருப்புக்கு இல்லையா?

மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களின் க்ளைம் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனால் என்ன ஆகும் என்பதை உங்கள் மருத்துவர்களே அறிவார்கள். காங்கேயத்துக் கொறங்காட்டில் மாடு மேய்க்கும் என் அப்பாவுக்கு வெள்வேல முள் தைத்தது தெரியவே இல்லை. சீழ் வைத்த பிறகுதான் பார்த்தோம். பெருவிரலை எடுத்தார்கள். அந்தச் செலவை நீங்கள் கொடுத்தீர்கள், நன்றி.

பெருவிரல் போனதும் உடம்பின் பாரம் மற்ற விரல்களின் மேல் இறங்கும், அங்கே புண் வரும் என்று சொல்லி, அளவெடுத்துத் தைத்த, மெத்தென்ற ரப்பர் அடி கொண்ட எம்.சி.ஆர். செருப்பை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அதன் பில்லை அனுப்பினோம். ஜி.எஸ்.டி. எண் இல்லை என்று திரும்பியது. வாங்கி அனுப்பினோம். மருத்துவரின் பதிவு எண்ணோடு கடிதம் கேட்டீர்கள். கொடுத்தோம். எந்தக் காலுக்கு, எதற்காக என்று விளக்கம் கேட்டீர்கள். விரல் இல்லாத காலின் படத்தையும் சேர்த்து அனுப்பினோம். எல்லாம் சரியான பிறகு, செருப்பு பணம் தரப்படாத பொருள்களின் பட்டியலில் இருக்கிறது என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே! கட்டுப்போட்ட காலோடு அந்த மனிதரை ஏன் அலைய விட்டீர்கள்?

அந்தப் பட்டியலைப் படித்தேன். அழகு நிலையச் செலவு, சலவைச் செலவு, குடிநீர், அவற்றோடு சர்க்கரை நோயாளியின் செருப்பு. எந்த நியாயத்தில் இவை ஒன்றாயின? அமெரிக்காவில் முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரும் மருத்துவர் சான்று கேட்கிறது. ஆனால் கொடுத்தால், தகுதியுள்ளவருக்கு ஆண்டுக்கு ஒரு ஜோடி காலணிக்கும் மூன்று ஜோடி உள்மெத்தைக்கும் செலவின் பெரும்பங்கை ஏற்கிறது. இங்கே காகிதம் மட்டும் வாங்கிக்கொள்கிறீர்கள். பிரீமியம் ஏறும்போது யாரும் எங்களிடம் விளக்கம் கேட்பதில்லை. உங்கள் தொலைபேசி மையத்தில் தமிழில் பதில் சொல்லவும் ஆள் கிடைப்பதில்லை.

பணிவோடு கேட்கிறேன். மருத்துவர் சான்றளித்த செருப்புக்கு அடிப்படைப் பாலிசியிலேயே பணம் தாருங்கள். பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுப் பாலிசியோடு கொடுங்கள். அடுத்த விரலை எடுக்கும் செலவைவிடச் செருப்பின் விலை உங்களுக்கும் குறைவுதான். செருப்புக்குப் பணம் தாருங்கள், ஐயா.

இப்படிக்கு,
காங்கேயம் வட்டாரத்துப் பாலிசிதாரர் ஒருவரின் மகன்