ரசீதில் ஒரு வரியைப் பிரித்துப் போடுங்கள்: கல்லூரித் தாளாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் கணக்குப் பிரிவினருக்கும் வணக்கம்.

வேலை செய்யும் இடத்தில் வருமான வரிக் கழிவுக்குச் சான்று காட்ட வேண்டியிருப்பதால், ஒவ்வொரு ஜனவரியிலும் உங்கள் ஃபீஸ் கவுண்டரில் பெற்றோர் வந்து நின்று கேட்பது ஒன்றுதான். ரசீதில் டியூஷன் ஃபீஸைத் தனியாகக் காட்டுங்கள்.

2024-25க்கு எனக்குக் கிடைத்த ரசீதில் 'கல்லூரிக் கட்டணம் ரூ.1,65,000' என்று ஒரே வரி. பஸ், வளர்ச்சி நிதி, பிளேஸ்மென்ட் பயிற்சி எல்லாம் அதற்குள் அடக்கம். அந்த ஆண்டுக்குப் பொருந்திய 1961 வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவில், கல்லூரிக்குக் கட்டியதில் கழிவு டியூஷன் ஃபீஸுக்கு மட்டும்தான்; வளர்ச்சி நிதிக்கும் நன்கொடைக்கும் கிடையாது. "இதுல எது டியூஷன் ஃபீஸ்னு நான் எப்படி சார் கண்டுபிடிக்கிறது?" என்று எங்கள் அலுவலகக் கணக்கர் ரசீதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

வீட்டுக் கடன் இருப்பதால் இத்தகைய கழிவுகள் கிடைக்கும் பழைய வரிமுறையில்தான் நான் இன்னும் இருக்கிறேன். என் கணக்குப்படி மகளுக்காக நான் கட்டிய டியூஷன் ஃபீஸ் 80,000. அதைக் கழித்தால் வரிக்குரிய வருமானம் 4,70,000. ஐந்து லட்சத்துக்குள் என்பதால் வரித் தள்ளுபடி போக வரியே வராது. கழிக்காததால் 5,50,000. ஐந்தைத் தாண்டியதும் தள்ளுபடி மொத்தமும் போய்விட, செஸ் என்னும் கூடுதல் வரியோடு 23,400 ரூபாயை பிப்ரவரி, மார்ச் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். மார்ச் மாதக் கடன் தவணைக்கு என் மனைவியின் வளையல் அடகுக்கடைக்குப் போனது. இன்னும் மீட்கவில்லை.

உதவித்தொகைக் கதை வேறு. மகளுக்கு ஓர் அறக்கட்டளை கொடுத்த 20,000 நேரே கல்லூரிக் கணக்குக்கு வந்தது. படிப்புச் செலவுக்கான உதவித்தொகைக்கு அதே சட்டத்தின் 10(16) பிரிவின்படி வரி இல்லை, சரி. ஆனால் அந்தப் பணத்தை நான் கட்டியதாகச் சொல்லிக் கழிவு கேட்க முடியாது. உங்கள் ரசீதோ முழுத்தொகையையும் என் பெயரில் எழுதியிருக்கிறது. கேட்டால், "லெட்ஜர்ல அட்ஜஸ்ட் பண்ணியாச்சு சார்" என்கிறார்கள். லெட்ஜர் உங்களிடம் இருக்கிறது. வருமான வரி நோட்டீஸ் வந்தால் என் வீட்டுக்கு வரும்.

பிரித்துப் போட உங்கள் சாஃப்ட்வேரில் வசதி இல்லையாம். 'தாமத அபராதம்' மட்டும் தனி வரியில், பைசா சுத்தமாக எப்படி விழுகிறதோ தெரியவில்லை. கல்லூரியை நடத்துவதும் ஓர் அறக்கட்டளை என்பதால் உங்கள் வருமானத்துக்கும் வரிவிலக்கு இருக்கிறது. அதற்காக உங்கள் ஆடிட்டரிடம் கொடுக்கும் கணக்கிலும் 'கல்லூரிக் கட்டணம்' என்று ஒரே வரிதானா? ஃபீஸ் பாக்கி என்றால் ஹால் டிக்கெட்டை நிறுத்தத் தெரிந்த அலுவலகத்துக்கு, கட்டிய ஃபீஸுக்கு ஒழுங்கான சீட்டு எழுதத் தெரியாதா?

கோபத்தில் பேச்சு எங்கோ போய்விட்டது, மன்னியுங்கள். கேட்பது புதிய சலுகை ஒன்றுமில்லை. டியூஷன் ஃபீஸ் எவ்வளவு, அதில் உதவித்தொகையில் கழிந்தது எவ்வளவு, பெற்றோர் கட்டியது எவ்வளவு, எந்தத் தேதியில்: இவற்றைத் தனித்தனியாகக் காட்டி, கல்லூரி முத்திரையோடு ஒரு சான்று கொடுங்கள். வருமான வரி ரிட்டர்னில் கழிவைக் காட்டி, பிடித்த வரியைத் திரும்பப் பெறலாம் என்கிறார் என் ஆடிட்டர். கையில் தாள் இல்லாமல் காட்ட எனக்குத் துணிவில்லை. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் தயவுசெய்து கொடுத்துவிடுங்கள். வரும் ஆண்டிலிருந்து ரசீதிலேயே டியூஷன் ஃபீஸைத் தனி வரியில் போட்டுவிட்டால், ஜனவரியில் உங்கள் கவுண்டரிலும் கூட்டம் இருக்காது.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவரின் தந்தை