தவளை பழுப்பாகிவிட்டது என்று எழுதியிருந்தாயே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு புல்லாங்குழலைத் திரும்ப எடுத்தது நல்ல காரியம். நான் சும்மா இருக்கிறேன், மூட்டு வலி மட்டும் சும்மா இருப்பதில்லை. மற்றபடி வீட்டில் எல்லோரும் நலம்.

சரி, உன் தவளைக்கு வருகிறேன். கடிதத்தில் முக்கால்வாசி அதுதானே! மகள் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது உன்னிடம் விட்டுப்போன அந்த ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை, ஒரு வாரமாகப் பழுப்பு நிறத்தில் இருக்கிறது, சரியாகச் சாப்பிடவில்லை, ஏதாவது நோயா என்று கேட்டிருக்கிறாய். நிறத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. இந்த இனம் இயல்பாகவே பச்சையிலிருந்து பழுப்புக்கும், பழுப்பிலிருந்து பச்சைக்கும் மாறும். குளிர், வெளிச்சம், ஈரப்பதம், உட்கார்ந்திருக்கும் இடத்தின் நிறம் எல்லாமே அதை மாற்றும். தொட்டி கொஞ்சம் குளிர்ந்திருந்தால் தவளை கருத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், பசியும் குறையும். குளிர்ந்த உடம்பில் செரிமானம் மெதுவாகத்தான் நடக்கும். அதனால் தவளையைப் பார்ப்பதற்கு முன்னால் வெப்பமானியைப் பார். பகலில் சூடான பக்கம் 28 டிகிரி வரை, குளிர்ந்த பக்கம் 24 டிகிரி அளவில் இருக்கட்டும். இரவில் இரண்டு மூன்று டிகிரி இறங்கினால் பரவாயில்லை. வெப்பமெல்லாம் சரியாக இருந்தும், நாள்கணக்கில் கருப்பாகவே இருந்து, சாப்பாட்டையும் தொடவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

தவளைக்கு வலி வந்தால் முனகாது, கத்தாது. காட்டில் தளர்ந்து தெரிகிற பிராணியைத்தான் எதிரி முதலில் பிடிக்கும் என்பதால், முடிந்தவரை மறைத்துக்கொள்ளும். வெளியே தெரிகிற அளவுக்கு வந்துவிட்டதென்றால் உள்ளே கொஞ்ச நாளாகவே ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள். ஆகவே உன் தவளை நன்றாக இருக்கும்போது எப்படி இருக்கிறது என்பதை நீ மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும். பகலில் எங்கே ஒட்டிக்கொண்டு தூங்குகிறது, விளக்கை அணைத்த பிறகு எவ்வளவு நேரத்தில் கிளம்புகிறது, இரையைப் பார்த்ததும் எப்படித் திரும்புகிறது, இவையெல்லாம்.

நன்றாக இருக்கிற மரத்தவளை பகலில் நான்கு கால்களையும் உடம்புக்கடியில் மடித்து, கண்ணை மூடி, கண்ணாடியிலோ இலையிலோ ஒட்டிக்கிடக்கும். தொண்டை மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். அது மூச்சுவிடும் விதம், பயப்படாதே. பட்டப்பகலில் கால்களைப் பரப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பது, நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு வராமல் கிடப்பது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, இவை நல்ல குறிகள் அல்ல. மல்லாக்க விழுந்தால் உடனே புரண்டுவிட வேண்டும். புரள முடியாமல் தவித்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். இதைச் சோதிக்கிறேன் என்று நீயாகப் புரட்டிப் பார்த்து விளையாடாதே!

நீ இன்னொன்றும் எழுதியிருந்தாய்: முதுகைக் கூனி, வாயை அகலமாகத் திறந்து, விக்கிக்கொண்டது போலச் செய்கிறது, காலால் உடம்பைத் தேய்க்கிறது என்று. படித்ததும் சிரித்துவிட்டேன். அது தோலுரிக்கிறதப்பா! பழைய தோலை வாய்க்குள் இழுத்து விழுங்கிவிடும். முதல் தடவை பார்க்கிறவர்கள் யாராக இருந்தாலும் இரை தொண்டையில் சிக்கிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அடிக்கடி தோலுரிந்து, துண்டு துண்டாகத் தண்ணீரில் மிதந்து, தவளையும் மந்தமாகக் கிடந்தால் அது வேறு கதை. கைட்ரிட் என்ற பூஞ்சை நோயாக இருக்கலாம்.

இந்தப் பூஞ்சையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தவளை தண்ணீரை வாயால் குடிப்பதில்லை, தோல் வழியாக உறிஞ்சுகிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான். உடம்பின் உப்புச் சமநிலையையும் தோல்தான் பார்த்துக்கொள்கிறது. கைட்ரிட் அந்தத் தோலிலேயே குடியேறுகிறது. சோடியமும் பொட்டாசியமும் ரத்தத்தில் குறைந்துகொண்டே போய், கடைசியில் இதயம் நின்றுவிடுகிறது. விஞ்ஞானிகள் 1998 வாக்கில்தான் இதை அடையாளம் கண்டார்கள். 2019-இல் வந்த ஓர் ஆய்வு, குறைந்தது 501 இருவாழ்வி இனங்கள் இதனால் நலிந்துவிட்டன, அவற்றில் 90 அழிந்துபோயிருக்கலாம் என்று கணக்கிட்டது. வளர்ப்புத் தவளைக்கு இது வந்தால் வழி இருக்கிறது. தோலில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துச் சோதித்துப் பார்ப்பார்கள். பூஞ்சைக் கொல்லி மருந்து கலந்த நீரில் தினமும் சற்று நேரம் ஊறவைப்பார்கள். அளவும் நாளும் மருத்துவர் சொல்ல வேண்டியது. ஒன்று மட்டும் நீ எப்போதும் செய்: தொட்டித் தண்ணீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதே. அங்கே இருக்கும் தவளைகள் என்ன பாவம் செய்தன?

பூஞ்சையை விட வேகமாகக் கொல்வது தொடைக்கு அடியிலும் வயிற்றிலும் வரும் சிவப்பு. பாக்டீரியா ரத்தத்தில் பரவியதன் அடையாளம் அது. அழுக்குத் தண்ணீர், குளிர், ஓயாத தொந்தரவு ஆகியவற்றால் தளர்ந்துபோன தவளைக்குத்தான் பெரும்பாலும் வரும். தவளை கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வெளிப்பக்கமிருந்து வயிற்றைப் பார்த்துவிடலாம், கையில் எடுக்கவே வேண்டாம். உடம்பு நீர்கோத்துப் பலூன் போல உப்பினாலும், பின்பக்கம் குடல் பிதுங்கித் தெரிந்தாலும் காத்திருக்காதே.

சாப்பாட்டு விஷயத்தில் உன்னைப் பற்றித்தான் எனக்குக் கவலை. உன் கையில் யார் மாட்டினாலும் ஊட்டிவிடுவாய்! இந்தத் தவளை சோம்பேறி, கிடைத்ததையெல்லாம் தின்று கொழுக்கும். கண்ணுக்கு மேலே உள்ள மேடு தொங்கிக் கண்ணை மறைக்க ஆரம்பித்தால் எடை கூடிவிட்டது என்று பொருள். வளர்ந்த தவளைக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, சில பூச்சிகள் போதும். பூச்சிகளில் கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். கால்சியம் தூளைத் தூவாமல் கொடுத்தால் எலும்பு மெலியும். தாடை இளகும், விரல் துடிக்கும், நாக்கு இரையைத் தவறவிடும். தூள் டப்பா எங்கே இருக்கிறது என்று மகளிடம் கேள்.

இடம் மாறியதால் வந்த பதற்றமாகவும் இருக்கலாம். புது வீடு, புது முகம், சில நாள் சாப்பிடாது. அப்போது தொட்டியைத் தட்டாதே, வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டாதே, இரவில் விளக்குப் போடாதே. ஒளிந்துகொள்ள அடர்ந்த இலை ஒரு மூலையிலாவது இருக்கட்டும். தின்னாமல் விட்ட சில்வண்டுகளை வெளியே எடுத்துவிடு, அவை ராத்திரியில் தவளையையே கடிக்கும். கண்ணாடியில் மூக்கை உரசி உரசிப் புண்ணாக்கிக்கொண்டால் தொட்டி அதற்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொள். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், ஆனால் சில ஊர்களில் குளோரினுக்குப் பதிலாகக் கலக்கிற குளோரமின் போகாது. அதற்கென்று விற்கும் நீக்கி மருந்தை விட்டுத்தான் ஊற்ற வேண்டும். தவளையைத் தொட்டே ஆக வேண்டுமென்றால் சோப்பு இல்லாமல் கழுவிய ஈரக்கையால் தொடு. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கழுவு, வயிற்றுப்போக்கு தருகிற சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கலாம்.

வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் களிம்பு எதையும் தடவாதே. மனிதத் தோலுக்கு மேலே நிற்கிற மருந்து, தவளைத் தோலுக்குள் நேரே இறங்கிவிடும். வலியை மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த களிம்பு அதைக் கொன்றேவிடும்.

சமையலறைத் தராசில் ஈர டப்பாவோடு வைத்து வாரம் ஒரு தடவை எடை எடுத்துக் குறித்துவை. எடை இறங்கிக்கொண்டே போகிறதா என்பதுதான் மருத்துவர் முதலில் கேட்பது. இருவாழ்விகளைப் பார்க்கிற கால்நடை மருத்துவர் யார் என்பதையும் இப்போதே விசாரித்து வை. எல்லாக் கால்நடை மருத்துவர்களும் தவளை பார்ப்பதில்லை.

அப்புறம், இந்த இனம் நல்ல கவனிப்பில் 15 வருடத்துக்கு மேல் வாழும். மகள் எப்போது திரும்புவாள் என்று நீ எழுதவே இல்லை, கேட்டு எழுது.

வெப்பமானி காட்டும் எண்ணையும் எடையையும் அடுத்த கடிதத்தில் போடு. தொடையடியில் சிவப்பு தெரிந்தால் மட்டும் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே, மருத்துவரிடம் போய்விட்டு எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்