விரல் கணு அளவு

மயூர் விகார், புது தில்லி
தை 8

அன்புள்ள மீனாட்சி,

உன் கடிதம் கனுப்பொங்கல் அன்று மதியம் வந்தது. அத்தைக்கும் படித்துக் காட்டினேன். நீ பணி ஓய்வு பெற்றுவிட்டாய் என்பதை அவர்களால் நம்பவே முடியவில்லை. "நம் வீட்டில் தங்கிப் பரீட்சைக்குப் படித்த பெண்ணா?" என்று இரண்டு முறை கேட்டார்கள். இங்கே பத்து நாட்களாக மூடுபனி. காலை பத்து மணிக்குத்தான் எதிர் அடுக்ககம் கண்ணுக்குத் தெரிகிறது. அத்தையின் முழங்கால் வலி குளிர்காலத்தில் கூடிவிடும். மற்றபடி எல்லோரும் நலம்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் விடைபெறும் நாளில் தந்த பீஸ் லில்லிச் செடியைப் பற்றி நீ எழுதிய பகுதியை மூன்று முறை படித்தேன். இலைகள் தொங்கின, தாகம் என்று நினைத்து ஒரு சொம்பு ஊற்றினாய், மறுநாள் இன்னும் தொங்கின, இன்னொரு சொம்பு ஊற்றினாய், இப்போது அடி இலைகள் மஞ்சளாகிவிட்டன. மீனாட்சி, அந்தச் செடிக்குத் தாகமில்லை, மூச்சு முட்டுகிறது. தண்ணீர் இல்லாமல் வாடினாலும் தண்ணீர் மிஞ்சி வாடினாலும் இலை ஒரே மாதிரிதான் தொங்கும். மண்ணைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். காய்ந்த மண்ணில் தொங்கும் பீஸ் லில்லி, தண்ணீர் ஊற்றிய சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். ஈர மண்ணில் தொங்கினால் கோளாறு வேரில் இருக்கிறது.

வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்றிலிருந்துதான் அதற்குப் பிராணவாயு கிடைக்கிறது. அந்த இடைவெளி முழுவதும் நாள்கணக்கில் தண்ணீர் நின்றால் வேர் மடிகிறது, மடிந்த வேரைப் பூஞ்சை போன்ற நுண்ணுயிரிகள் பிடித்துக்கொள்கின்றன. வேர் அழுகிய செடியால் காலடியில் இருக்கும் தண்ணீரைக்கூட உறிஞ்ச முடியாது. நீ ஊற்ற ஊற்ற அது வாடியது அதனால்தான். பீஸ் லில்லியின் உறவினங்கள் பலவும் அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளில் மர நிழலில் வளர்பவை. அங்கே மழை நிறையத்தான் பெய்கிறது. ஆனால் மக்கிய சருகும் குச்சியுமான அந்தத் தரையில் தண்ணீர் வந்த வேகத்தில் வடிந்துவிடும், ஈரமும் காற்றும் சேர்ந்தே இருக்கும். நம் தொட்டி மண்ணில் அது தானாக அமைவதில்லை.

இதை நான் கற்றுக்கொண்டதற்கு ஓர் ஆந்தூரியம் விலையாகப் போயிற்று. மூன்று வருடங்களுக்கு முன், மாற்றலாகிப் போன பக்கத்து வீட்டுப் பெண் என்னை நம்பி ஒப்படைத்துவிட்டுப் போனது. அத்தை காலையில் குளித்து, பால்கனித் துளசிக்கு ஒரு சொம்பு ஊற்றிவிட்டு, அதே கையோடு கூடத்து ஆந்தூரியத்துக்கும் ஊற்றுவார்கள். மன்னார்குடி வீட்டு முற்றத்தில் ஐம்பது வருடம் செய்த பழக்கம். வெயிலில் நிற்கும் துளசிமாடத்துக்கு அது சரி. தில்லியில் ஜனவரி மாதத்தில், திரை போட்ட கூடத்தில், இரவில் ஐந்து டிகிரிக்குக் கீழே இறங்கும் குளிரில், அந்தச் செடி குடிப்பதே சொற்பம். வெளிச்சம் குறைந்தால் இலை வழியாக ஆவியாகும் நீரும் குறையும், மண் காயாது. பிப்ரவரியில் தண்டைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. நானும் அத்தையும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

அதன் பிறகு அத்தையே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். உலையில் அரிசிக்கு மேல் விரலின் முதல் கணு வரை தண்ணீர் நிற்க வேண்டும் என்று நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார்களே, அதே விரலை இப்போது மண்ணுக்குள் விடுகிறார்கள். முதல் கணு வரை ஈரம் இருந்தால் ஊற்றுவதில்லை. பீஸ் லில்லிக்கு இந்த ஒரு கணு அளவு காய்ந்தால் போதும். மணி பிளாண்டுக்கு இரண்டு கணு காயும்வரை காத்திருக்கலாம். சிறிய தொட்டிகளைத் தூக்கியும் பார்ப்பார்கள். நனைந்த தொட்டிக்கும் காய்ந்த தொட்டிக்கும் எடையில் உள்ள வித்தியாசம் ஒரே வாரத்தில் கைக்குப் பழகிவிடும்.

"வாரத்துக்கு எத்தனை நாள் ஊற்ற வேண்டும், எழுது" என்று கேட்டிருந்தாய். அந்தக் கணக்கை என்னால் எழுதித் தர முடியாது. என் வீட்டுக் கதையைச் சொன்னால் உனக்கே புரியும். ஜூன் மாதம் வெளியே 45 டிகிரி, லூ என்னும் வறண்ட அனல்காற்று அடிக்கிறது. அப்போது என் பீஸ் லில்லிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வேண்டும். ஆகஸ்டில் காற்றே ஈரமாகிவிடுகிறது, நான்கு ஐந்து நாளானாலும் மண் காயாது. இப்போது, தை மாதத்தில், கடைசியாக ஊற்றிப் பன்னிரண்டு நாள் ஆகிறது, இன்று விரல் விட்டுப் பார்த்தேன், இன்னும் ஈரம். செடி, தொட்டி, ஜன்னல் எதுவும் மாறவில்லை. உன் சென்னை வீட்டிலும் கத்திரி வெயிலுக்கு ஒரு கணக்கு, ஐப்பசி மழைக்கு ஒரு கணக்கு என்றுதான் இருக்கும். மண் தொட்டிக்கும் பிளாஸ்டிக் தொட்டிக்கும்கூடக் கணக்கு மாறும். மண் தொட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் போகும், சீக்கிரம் காயும்.

ஊற்றும்போது மட்டும் தயங்காதே. தினம் அரை டம்ளர் தெளித்தால் மேல்மண் மட்டும் நனையும், அடி வேர் காய்ந்து கிடக்கும். தொட்டியின் அடித்துளை வழியாக வடியும்வரை மெதுவாகச் சுற்றிலும் ஊற்று. அரை மணி கழித்துத் தட்டில் நிற்பதைக் கொட்டிவிடு. பிள்ளைகள் தந்தது பளபளப்பான பீங்கான் தொட்டி என்று எழுதியிருக்கிறாய். அதைக் கவிழ்த்துப் பார், துளை இருக்காது என்றே நினைக்கிறேன். அதை வெளிக்கூடாக மட்டும் வைத்துக்கொள், செடி துளையுள்ள தொட்டியில் உள்ளே நிற்கட்டும். அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் வடியும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. எங்கள் தோட்டக்காரரும் அதையே சொல்வார். உண்மையில் மண் முழுக்க ஊறிய பிறகுதான் தண்ணீர் கல்லுக்குள் இறங்கும். கல் அடைத்துக்கொண்ட உயரத்துக்கு அந்தச் சதசதப்பு வேருக்குப் பக்கத்தில் ஏறி வந்துவிடும், அவ்வளவுதான்.

உன் ஆழ்குழாய்த் தண்ணீரில் பாத்திரமெல்லாம் வெள்ளை படிகிறது என்றாயே, இலை நுனி பழுப்பாவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வாளியில் ஓர் இரவு வைத்தால் குளோரின் போகும், உப்பு போகாது. மழைத்தண்ணீர் பிடித்து வைக்க முடிந்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை. கோடையில் நான் ஏசி குழாயில் சொட்டுவதைப் பிடித்து ஊற்றுகிறேன். சுத்திகரிப்பு இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீர் வீணாகிறதே என்று அதை மட்டும் ஊற்றிவிடாதே, உப்பு முழுவதும் அதில்தான் திரண்டு வருகிறது.

இனி, உன் செடிக்கு இன்றே செய்ய வேண்டியது. தொட்டியிலிருந்து மெதுவாக எடு. மண்ணை உதறி வேரைப் பார். உறுதியாக, வெளுப்பாக இருப்பவை உயிருள்ளவை. பழுப்பேறி, விரலில் நசுங்கி, நாற்றம் அடிப்பவற்றைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டிவிடு, மனம் இளகாதே. தென்னைநார்த் தூளும் பெர்லைட் என்னும் லேசான வெள்ளைக் கல் துகளும் கொஞ்சம் மக்கிய எருவும் கலந்த புதுக் கலவையில், மிச்ச வேர் கொள்ளும் அளவுள்ள சிறிய தொட்டியில் வை. பெரிய தொட்டி வேண்டாம், வேர் எட்டாத மண் காயாமல் கிடக்கும். ஒரு முறை ஊற்றி வடியவிட்டு, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வைத்துவிடு. புதுத் துளிர் வரும்வரை உரம் எதுவும் வேண்டாம். நடுக்குருத்து பச்சையாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய், அந்த ஒரு வரியால்தான் எனக்கு நம்பிக்கை. பிழைத்துவிடும்.

பனி விலகியதும் அத்தையை ஆர்.கே. புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும், தைப்பூசம் வருகிறது. நீ பங்குனியில் வருவதாகச் சொன்னதை அத்தை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அப்போது என் பீஸ் லில்லியைப் பிரித்து ஒரு பங்கு தருகிறேன்.

வேர் என்ன நிறத்தில் இருந்தது, எத்தனை மிஞ்சியது என்று உடனே எழுது. காத்திருப்பேன்.

உன்,
கமலா