பிசிக்கு நீங்கள் எழுதிய இரங்கல் குறிப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் டிவியில் மாட்டி கேம் ஆடும் கன்சோல் பெட்டிகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஜிடிஏ 6 என்ற புதிய கேம் பிசிக்கு, அதாவது கம்ப்யூட்டருக்கு, வரும் என்ற அறிவிப்புகூட இல்லை, பிசி கேமிங் சந்தை முடிந்துபோனதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று அதில் ஒரு வரி இருந்தது. வேண்டும் ஐயா. கட்டாயம் வேண்டும்.

ஜிடிஏ கேம்களை உருவாக்கும் ராக்ஸ்டார் கம்பெனி பிசிக்காரர்களைக் காக்க வைப்பது இன்று நேற்றைய பழக்கமா? தங்களுக்குத் தெரியாதது இல்லை. ஜிடிஏ 5 பழைய கன்சோல்களுக்கு 2013 செப்டம்பரிலும், புதிய கன்சோல்களுக்கு 2014 நவம்பரிலும், பிசிக்கு 2015 ஏப்ரலிலும் வந்தது. பொறுக்க முடியாதவன் முதலில் வாங்கினான். அப்புறம் படம் இன்னும் பளிச்சென்று தெரிகிறதே என்று வாங்கினான். கடைசியில் மாட், அதாவது ரசிகர்களே செய்யும் மாற்றங்களைப் போட்டு ஆடலாமே என்று பிசியிலும் வாங்கினான். ஒரே கேமை வைத்து மூன்று முறை கல்லா கட்டினார்கள். அவர்களுடைய இன்னொரு கேமான ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இலும் இதே கதைதான்: கன்சோலுக்கு 2018 அக்டோபர், பிசிக்கு 2019 நவம்பர். செத்த சந்தைக்கு எவனாவது மெனக்கெட்டு சரக்கு அனுப்புவானா? இப்போது இரண்டு தடவை தள்ளிவைத்து 2026 நவம்பர் 19 என்று சொல்லியிருக்கும் ஜிடிஏ 6-க்கும் அதே கணக்குதான் போட்டிருப்பார்கள் என்பது என் எண்ணம். உங்கள் கட்டுரையாளர் அதைப் பிசியின் மரணச் சான்றிதழாக எடுத்துக்கொண்டார்.

பிசிக்கு இரங்கல் குறிப்பு எழுதுவதும் புதிதில்லை. இருபது வருடமாகப் படித்து வருகிறேன். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் விற்பனைக் கணக்கு எடுத்தவர்கள் கடையில் பெட்டியாக விற்றதைத்தான் எண்ணினார்கள். 2003-இல் தொடங்கிய ஸ்டீம் என்ற ஆன்லைன் கடை வழியாக டவுன்லோடாக விற்றது அந்தக் கணக்கில் ஏறவில்லை. அதை நடத்தும் வால்வ் கம்பெனியும் எண்ணிக்கையை வெளியே விடாது. திண்ணையில் ஆளைக் காணோம் என்றதும் வீடே காலி என்று எழுதிவிட்டார்கள். மைக்ரோசாப்டும் இதை நம்பியதோ என்னவோ, 'ஆலன் வேக்' கேமை 2010-இல் தன் கன்சோலான எக்ஸ்பாக்ஸுக்கு மட்டும் வெளியிட்டு, இது சோபாவில் உட்கார்ந்து பெரிய டிவியில் ஆட வேண்டியது என்று பிசி பதிப்பை நிறுத்தியது. 2012 பிப்ரவரியில் ஒருவழியாகப் பிசிக்கு வந்தபோது, அந்தப் பதிப்புக்கான செலவு 48 மணி நேரத்தில் திரும்பிவிட்டதாக அதை உருவாக்கியவர்களே சொன்னார்கள். 2025 மார்ச்சில் ஸ்டீமில் ஒரே நேரத்தில் நுழைந்திருந்தவர்கள் 4 கோடியைத் தாண்டினார்கள். அதில் பெரும்பாலோர் சும்மா திறந்து வைத்திருந்தவர்கள் என்பது எனக்கும் தெரியும். செத்த கடையை யாரும் சும்மாகூடத் திறந்து வைப்பதில்லை.

இந்த விஷயத்தில் உங்கள் இதழோடு எனக்குப் பழைய வழக்கு ஒன்றும் உண்டு. பாளையங்கோட்டையில் நான் கல்லூரியில் படித்தபோது, பிரவுசிங் சென்டர்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று அட்டைப்படக் கட்டுரை போட்டீர்கள். வீட்டில் அந்த இதழை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் சாப்பாடு போட்டார்கள். மணிக்கு 20 ரூபாய்க்கு நாங்கள் அங்கே ஆடியது கவுன்டர் ஸ்ட்ரைக். கரண்ட் போனதும் யுபிஎஸ்கள் எல்லாம் ஒன்றாகக் கத்த, ரவுண்டு முடியும்வரை அணைக்காதீர்கள் என்று சென்டர் அண்ணனிடம் கெஞ்சுவோம். அந்தக் கேம் வேறொரு பிசி கேமுக்கு ஆர்வலர்கள் செய்த மாட் ஆகப் பிறந்தது. டோட்டா என்ற கேம் பிறந்ததும் அப்படியே. 'பப்ஜி' என்று ஊரே பேசிய கேமும் 2017-இல் முதலில் பிசிக்குத்தான் வந்தது. கன்சோலில் இன்று ஆடுகிற பலவற்றுக்குப் பிறந்த வீடு எது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். கெட்டுப்போன நான்தான் இன்று உங்களுக்குச் சந்தா கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பிசி என்றாலே திருட்டு டிவிடி என்று இன்னொரு இதழில் எழுதினீர்கள். நம் ஊரில் பிளேஸ்டேஷன் 2 எப்படி ஓடியது என்று அப்போது யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. திருட்டு டிஸ்க்கை ஓட வைக்கும் சிப் போடாத பெட்டியை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. திருட்டைக் குறைத்தது வசதிதான். 2015 கடைசியில் ஸ்டீமில் ரூபாய் விலை வந்ததும் என் நண்பர்கள் வரிசையாகக் காசு கொடுத்து வாங்க ஆரம்பித்தார்கள். 2006-இல் வந்த 'கிரிக்கெட் 07'-ஐ இன்றும் பிசியில் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், ரசிகர்களே புதிய அணிகளையும் சட்டைகளையும் ஏற்றித் தருகிறார்கள். பிளேஸ்டேஷன் 3 டிஸ்க்கை 4-இல் போட்டுப் பாருங்கள், என்ன நடக்கிறதென்று.

கன்சோல் மலிவு என்கிறது கட்டுரை. முன்பு வயதாக ஆக விலை குறையும். 299 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, 2009-இல் 99-க்கு இறங்கியது. பிளேஸ்டேஷன் 5-ஐப் பாருங்கள். 2020-இல் 499 டாலர், 2025 ஆகஸ்டில் 549. இந்தியாவில் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்தது, அடுத்த ஆண்டே 54,990. நாம் கட்டும் இன்டர்நெட் கட்டணத்துக்கு மேலே, பெரும்பாலான கேம்களை ஆன்லைனில் ஆட வருடா வருடம் அவர்களுக்கும் சந்தா கட்ட வேண்டும். உங்கள் விலைப் பட்டியலில் அதைக் காணோம். பிளேஸ்டேஷன் கம்பெனியான சோனியே 'காட் ஆஃப் வார்' கேமை 2022-இல் பிசிக்குக் கொண்டுவந்ததையும், 'ஹெல்டைவர்ஸ் 2'-ஐ 2024 பிப்ரவரியில் பிசிக்கும் பிளேஸ்டேஷனுக்கும் ஒரே நாளில் வெளியிட்டதையும்கூடக் காணோம்.

பிசிக்கு நோயே இல்லை என்று நான் சொல்லவில்லை. நீங்கள் கைவைத்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான். அரைகுறையாக வந்து சேரும் பிசி பதிப்புகளைப் பற்றி எழுதியிருக்கலாம். 2015-இல் ஒரு பேட்மேன் கேமை விற்பனையிலிருந்தே திரும்பப் பெற வேண்டியிருந்தது. கிராபிக்ஸ் கார்டு விலையைப் பற்றி எழுதியிருக்கலாம். ஆர்டிஎக்ஸ் 3080-க்கு 2020-இல் அறிவித்த விலை 699 டாலர். அந்த விலைக்கு வாங்கிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அந்தக் கார்டுகளை வைத்து கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் பெட்டி பெட்டியாக அள்ளிப்போன நாளில் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் விலை கேட்டேன். கடைக்காரர் கால்குலேட்டரில் தட்டி என் பக்கம் திருப்பிக் காட்டினார். வாயால் சொல்ல அவருக்கே கூச்சம். இப்போது அந்த இடத்துக்கு ஏஐ வந்திருக்கிறது. மெமரியெல்லாம் டேட்டா சென்டருக்குப் போகிறது. நம்மைப் போன்றவர்களுக்கு ரேம் விற்றுவந்த குரூசியல் பிராண்டு வியாபாரத்தை விட்டு விலகுவதாக மெமரி தயாரிக்கும் மைக்ரான் கம்பெனி 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. தம்பி மகனுக்கு சிஸ்டம் அசெம்பிள் பண்ணக் கொட்டேஷன் கேட்டால், 'இந்த ரேட் இன்று மாலை வரை மட்டும்' என்று அடியில் பேனாவால் எழுதித் தருகிறார்கள். ஆசைப்படுகிறவன் இருக்கிறான், உள்ளே நுழையக் காசுதான் போதவில்லை. இது கன்சோலையும் விடாது, அதற்குள்ளேயும் மெமரிதானே இருக்கிறது?

இன்னொரு வருத்தம். கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றி 2023-இல் 'வெண்பா' என்ற கேம் வந்தது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதே அதில் ஒரு புதிர். பிசியிலும் கன்சோலிலும் ஒன்றாக வந்தது. தமிழ்ப் பத்திரிகையான நீங்கள் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எழுதச் சொல்லி நான் போட்ட கடிதமும் இதழில் வரவில்லை. இடப் பற்றாக்குறை என்று புரிந்துகொண்டேன்.

என் கோரிக்கை பெரிதில்லை. மாதந்தோறும் வரும் 'புதிய கேம்கள்' கட்டத்தில் முன்பு பிசிக்கு ஒரு பத்தி இருந்தது. தீபாவளி இதழிலிருந்து அதை எடுத்துவிட்டீர்கள். திருப்பிப் போடுங்கள். நாலு வரி போதும். இடம் இல்லையென்றால் எதிர்ப்பக்கத்து ராசிபலனில் மிதுன ராசியை எடுத்துவிடலாம். நான் மிதுனம்தான், எனக்கு ஆட்சேபணை இல்லை.

தங்கள்,
நீண்ட நாள் சந்தாதாரர்,
பாளையங்கோட்டை.