ரத்தம் எடுத்துப் போனவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் சிறுநீரக ஆய்வு நடத்தும் மருத்துவர்களுக்கும், அந்த ஆய்வுகளுக்கு ஒப்புதல் கொடுக்கும் நெறிமுறைக் குழுவினருக்கும்,

வணக்கம். முக்கூடல் பக்கம் சின்னதாக ஒரு லேப் வைத்திருக்கிறேன். ஒரு செமி ஆட்டோ அனலைசர், ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கிற ஒரு சென்ட்ரிஃபியூஜ், ஒரு மைக்ரோஸ்கோப், கரண்ட் போனால் இன்வெர்ட்டர். அவ்வளவுதான் வசதி. நான் ஆராய்ச்சி செய்கிறவன் கிடையாது. ஆனால் முகாம் முடிந்து நீங்கள் வண்டி ஏறிப் போன பிறகு, ஜனங்கள் வந்து நிற்பது என் வாசலில்தான். "ரெண்டு குப்பி ரத்தம் எடுத்துட்டுப் போனாவளே, அதுல என்ன வந்துச்சுன்னு ஒண்ணும் சொல்லலியே தம்பி?" என்று கேட்கிற ஆச்சிக்கு நான் என்ன பதில் சொல்ல?

நீங்கள் வரக்கூடாது என்று சொல்ல வரவில்லை. கண்டிப்பாக வரவேண்டும். ஆந்திராவில் உத்தானம், அந்தப் பக்கம் எல் சால்வடார், நிகரகுவா என்று வெயிலில் உடம்பு நோக உழைக்கிறவர்களுக்குச் சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லாமலே சிறுநீரகம் கெடுவதை உலகம் பார்த்துவிட்டது. நம் பக்கம் பங்குனி, சித்திரை வெயிலில் உப்பளத்தில் நிற்கிறவர்கள், திசையன்விளை, உடன்குடிப் பக்கம் பனையேறுகிறவர்கள், களக்காட்டில் வாழைத்தார் சுமக்கிறவர்கள் எல்லாம் அதே பட்டியலில் சேரக்கூடியவர்கள்தான். இவர்களைப் பரிசோதிக்காமல் வேறு யாரைப் பரிசோதிப்பது? என் வருத்தமெல்லாம், எடுத்த ரத்தத்துக்கு உரியவரிடம் அதன் கணக்கு திரும்பி வருவதில்லை என்பதுதான். வந்தாலும் அது அவருக்குப் பயன்படும்படி இருப்பதில்லை.

சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளவேண்டிய கழிவான கிரியாட்டினினையே எடுத்துக்கொள்வோம். சீட்டில் 1.1 என்று அச்சடித்திருக்கும், பக்கத்தில் நார்மல் 1.2 வரை என்று போட்டிருக்கும். வாங்கியவர் மடித்து மடியில் செருகிக்கொண்டு போய்விடுவார். அதே 1.1ஐ வயது, ஆண் பெண் சேர்த்து சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் கணக்கிடுகிற, 2021இல் திருத்திய சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 25 வயது இளவட்டத்துக்கு வடிகட்டும் திறன் 95 பக்கம் வரும், கவலையில்லை. 60 வயது அம்மாவுக்கு 57, 58தான் வரும். அதாவது கவனிக்க வேண்டிய 60 என்ற கோட்டுக்குக் கீழே. இரண்டு பேருக்கும் சீட்டு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. காலையிலிருந்து மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிச் சுற்றி, ஒருவேளை கஞ்சியும் ஒருவேளை சோறுமாக இருக்கிற உடம்பில் தசை ஏது? அவருக்குச் சிறுநீரகம் பாதி கெட்ட பிறகும் கிரியாட்டினின் நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். அந்தச் சூத்திரம் பெரும்பாலும் அமெரிக்க உடம்புகளை வைத்துப் போட்டது. இந்தியர்களுக்கு நேரடியாக அளந்து பார்த்த சில ஆய்வுகளில், ஆரோக்கியமானவர்களுக்கே வடிகட்டும் திறன் மேற்கத்திய அளவைவிடக் குறைவாக வந்திருக்கிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அப்படியானால் நம் சீமைக்கு எது நார்மல் என்று கண்டுபிடிப்பதே உருப்படியான ஆராய்ச்சி. தசையைச் சாராத சிஸ்டாட்டின் சி பரிசோதனையை எல்லாருக்கும் செய்யக் கட்டுப்படியாகாது, தெரியும். சந்தேகப்படுகிறவர்களுக்காவது செய்யலாம் இல்லையா?

சாம்பிள் விஷயத்தைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. காலையில் பள்ளிக்கூட வராந்தாவில் ரத்தம் எடுக்கிறீர்கள். மத்தியானம் வரை டியூப்கள் ஸ்டாண்டில் நிற்கின்றன, சில நேரம் வெயில் ஏறும் பக்கமாகவே. சாப்பாடு முடிந்து, போட்டோ எடுத்து முடிந்து வண்டி கிளம்புகிறது. ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியான சீரம் பிரிக்காமலே அத்தனை நேரம். சிவப்பணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், பொட்டாசியம் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். கடைசியில் சர்க்கரை குறைவாகவும் பொட்டாசியம் கூடுதலாகவும் வருகிறது. பொட்டாசியம் 6 என்று பார்த்து மிரண்டுபோய் திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரை எனக்குத் தெரியும். அங்கே திரும்ப எடுத்தபோது சரியாகவே இருந்தது. அந்தப் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் உங்கள் ஆய்வுக் கணக்கில் வராது. ஒரு சென்ட்ரிஃபியூஜை வராந்தாவிலேயே வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் சுற்றிப் பிரித்து ஐஸ் பெட்டியில் வைத்தால் இவ்வளவு பாடு இல்லை.

கிரியாட்டினினை எந்த முறையில் பார்த்தீர்கள் என்பதையும் சீட்டில் போடுங்கள். நிறம் மாறுவதை வைத்து அளக்கும் ஜாஃபே முறை 1886இல் வந்தது. இன்றும் பல லேப்களில் ஓடுகிறது, விலை குறைவு என்பதால். அதில் சர்க்கரையும் கீட்டோனும் கிரியாட்டினின் போலவே நிறம் காட்டும், மஞ்சள் காமாலை இருந்தால் வேறு மாதிரி கெடுக்கும். என்சைம் முறையில் இந்தத் தொல்லை குறைவு. முகாமில் ஒரு முறை, என் லேப்பில் வேறு முறை என்றால், "அங்க ஒண்ணு சொன்னாவ, இங்க ஒண்ணு சொல்லுதிய" என்று திட்டு வாங்குவது நான்.

நேரமும் முக்கியம். நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டுச் சாயங்காலம் வந்து ரத்தம் கொடுக்கிறவருக்குத் தண்ணீர் வற்றியே கிரியாட்டினின் ஏறியிருக்கும். மறுநாள் காலையில் இறங்கிவிடும். முந்தின ராத்திரி கொடை வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டிருந்தாலும் ஏறும். நாள்பட்ட நோய் என்று சொல்ல மூன்று மாதமாவது நீடிக்கவேண்டும் என்பது உங்கள் பாடத்திலேயே உள்ளது. அப்புறம் எப்படி ஒரே தடவை எடுத்த ரத்தத்தை வைத்து இத்தனை சதவீதம் பேருக்குச் சிறுநீரக நோய் என்று எழுதிவிட முடிகிறது?

மூத்திரத்துக்கு வருகிறேன். முகாம்களில் ஆகக் குறைவாக மதிக்கப்படுவது அதுதான். டப்பா கொடுப்பார்கள், கக்கூஸ் பூட்டிக் கிடக்கும், பெண்கள் கூச்சப்பட்டு வெறும் டப்பாவையே திருப்பி வைத்துவிடுவார்கள். ஆனால் இன்றைக்குக் கையில் இருக்கும் நல்ல மருந்து பலவற்றுக்கும் வாசல் அந்த டப்பாவில்தான் இருக்கிறது. சர்க்கரைக்கென்று வந்து, இப்போது சிறுநீரகத்தைக் காக்கவும் கொடுக்கிற டாபாக்ளிஃபுளோசின் மாத்திரையைப் பற்றி 2020இல் வெளிவந்த பெரிய ஆய்வில் 4304 பேர் சேர்ந்தார்கள், மருந்துக்குப் பாதி, மருந்தில்லாத வெறும் மாத்திரைக்குப் பாதி. சிறுநீரகத் திறன் பாதியாகக் குறைவது, முற்றிலும் செயலிழப்பது, சிறுநீரகத்தாலோ இதயத்தாலோ சாவது ஆகிய எல்லாம் சேர்த்து வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 312 பேர், மருந்து சாப்பிட்டவர்களில் 197 பேர். பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைச் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். அதில் சேரவேண்டும் என்றால் மூத்திரத்தில் ஆல்புமின் என்கிற புரதம் இருந்தே ஆகவேண்டும். அதே ஆண்டே அந்த மருந்தின் ஒரு காப்புரிமை இந்தியாவில் முடிந்து, அப்புறம் விலை இறங்கி, இப்போது எங்கள் ஊர் மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. மருந்து வந்து சேர்ந்துவிட்டது, யாருக்குத் தேவை என்று காட்டும் சீட்டுதான் இன்னும் வரவில்லை.

இந்த மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில் கிரியாட்டினின் லேசாக ஏறும், அப்புறம் நிதானப்படும் என்பதையும் யாராவது ஜனங்களுக்கு வாய்விட்டுச் சொல்லவேண்டும். என் லேப் சீட்டில் தடித்த எழுத்தில் எண் வந்ததைப் பார்த்து, "மாத்திரை கிட்னியக் கெடுத்துட்டு" என்று நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். நான் சொன்னால், நீ என்ன டாக்டரா என்பார்கள். நியாயம்தானே?

உங்கள் கேள்வித்தாளில் சர்க்கரை, பிரஷர், புகை, குடி எல்லாம் கேட்கிறீர்கள். மேலுவலிக்குக் கடையில் வாங்கித் தின்னும் செட்டு மாத்திரையைக் கேட்பதில்லை. குத்தவைத்துப் பீடி சுற்றுகிற முதுகும், பனையேறுகிற முட்டியும் அந்தச் செட்டில்தான் ஓடுகின்றன. பெரும்பாலும் அதில் டைக்ளோஃபெனாக் மாதிரி, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய ஒரு வலி மாத்திரை இருக்கும். மாத்திரை சாப்பிடுவீர்களா என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்பார்கள். அவர்கள் கணக்கில் அது மருந்தே கிடையாது. செட்டு வாங்குவீர்களா, வாரத்துக்கு எத்தனை என்று கேளுங்கள், கொட்டும்.

நெறிமுறைக் குழுவினருக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2019ஆம் ஆண்டு மருந்து, மருத்துவ ஆய்வு விதிகள் உங்கள் குழுவில் மருத்துவம் படிக்காத பொதுஜனம் ஒருவர் இருக்கவேண்டும் என்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகள், ஆய்வின் பலன் பங்கேற்றவர்களுக்கும் அவர்கள் ஊருக்கும் போய்ச் சேரவேண்டும் என்கின்றன. எழுத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் ஒப்புதல் படிவம் பக்கம் பக்கமாக நீள்கிறது, வரிசையில் நிற்கிறவரிடம் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, "இங்க ஒரு கையெழுத்து, இல்லாட்டி ரேகை" என்கிறார்கள். அந்தப் பொதுஜன உறுப்பினரை ஒரு தடவை முகாமுக்கு அனுப்பி வரிசையில் நிற்கச் சொல்லுங்கள். அனுமதி கொடுக்கும்போதே, சீட்டு எத்தனை நாளில் யார் கையில் போகும், எண் மோசமாக இருந்தால் யார் போன் செய்வார், மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுக்கப் பணம் ஒதுக்கியிருக்கிறதா என்று கேளுங்கள். இதற்குப் பதில் இல்லாத ஆய்வைத் திருப்பி அனுப்புங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியதிலிருந்து, பிரஷர் மாத்திரை கொடுக்க வீட்டு வாசலுக்கே பெண்கள் வருகிறார்கள். எந்தத் தெருவில் யார் எப்போது வீட்டில் இருப்பார் என்பது அவர்களுக்கு அத்துபடி. உங்கள் சீட்டை அவர்கள் கையில் கொடுத்தாலே, மூடிய கவரில், சேர வேண்டியவரிடம் சேர்ந்துவிடும்.

அடுத்த முகாமை எங்கள் ஊரில் போடுவதாக இருந்தால் என் லேப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே கக்கூஸ் இருக்கிறது, தாழ்ப்பாள் விழும். சென்ட்ரிஃபியூஜுக்கு வாடகை வேண்டாம். பீடிக்கடையில் கணக்குக் கொடுக்கும் நேரத்தில் வைக்காதீர்கள், ஒருத்தரும் வரமாட்டார்கள். ஆடி அமாவாசை வாரமும் வேண்டாம், பாதி ஊர் சொரிமுத்தையன் கோயிலில் இருக்கும். காலை ஆறரைக்கு, வேலைக்குப் போகிறதுக்கு முன்னாடி வாருங்கள். டீ நான் சொல்லிவைக்கிறேன்.

இப்படிக்கு,
முக்கூடல் பக்கத்து லேப்காரன்